பந்திங்கில் பங்களா: வாசலுக்குக் கிரானைட்டா, பைலிங்கா?

தோட்டத்து லயத்தில் பிறந்து வளர்ந்தவர்கள் இன்று மலேசியாவில், சிலாங்கூரின் பந்திங் பக்கம் பங்களா கட்டுகிறார்கள். பார்க்கவே பெருமையாக இருக்கிறது. அதனால்தான் அந்தக் காசு தவறான இடத்தில் போகும்போது மனசு வலிக்கிறது.

தரையை எடுத்துக்கொள்வோம். மார்பிளா, போர்சலின் டைல்ஸா? மார்பிள் சுண்ணாம்பு வகைக் கல். புளியோ எலுமிச்சையோ பட்டால் அந்த இடம் மட்டும் பளபளப்பு போய்விடும். மஞ்சள் கறை உள்ளே இறங்கினால் லேசில் போகாது. தீபாவளிக்குத் திறந்த இல்ல உபசரிப்பு வைக்கிற வீட்டில் சாம்பார் சிந்தாமல் இருக்குமா? போர்சலின் 0.5 சதவீதத்துக்கு மேல் தண்ணீரை இழுக்காது, துடைத்தால் போதும். மார்பிளின் குளிர்ச்சி தனிதான். ஆசையிருந்தால் மாடிப் படுக்கையறைக்குப் போட்டுக்கொள்ளுங்கள்.

பெரிய தப்பு நடப்பது வாசலில். இங்கே பல இடங்களில் மண்ணே கடலோரக் களிமண், பாரம் ஏறினால் மெல்ல அமுங்கும். வீட்டுக்குப் பைலிங் அடிக்கிறார்கள், அதாவது ஆழத்தில் கெட்டி மண் வரை தூண் இறக்குகிறார்கள், அதனால் வீடு அசையாது. கார் நிறுத்தும் இடத்துக்கு மட்டும் மண்ணைக் கொட்டி, மேலே கிரானைட் பதித்து, ஆட்டோகேட் வைத்துவிடுகிறார்கள். என் அக்கா வீட்டில் மூன்றாவது வருஷமே வாசற்படிக்கும் தரைக்கும் நடுவே என் கை நுழைகிற இடைவெளி. கல் ஒன்றுகூட உடையவில்லை, வரிசையாக அப்படியே சாய்ந்து இறங்கியிருந்தது. கேட் ஓடும் தண்டவாளம் வளைந்து மோட்டார் முனகியது. அடியில் போகும் கழிவுக் குழாய் வீட்டோடு சேரும் இடத்தில் விட்டுப்போனதோ, நாற்றம் வந்த பிறகுதான் தெரிந்தது. கட்டிக் கொடுத்தவர், "இந்தப் பக்கம் எல்லா வீட்டிலும் இப்படித்தான்" என்று சொல்லிவிட்டுப் போய்விட்டார்.

வாசலுக்கும் பின்கட்டுச் சமையலறைக்கும் சேர்த்தே பைல் அடித்து, மேலே வெறும் சிமெண்டுத் தரை போட்டிருந்தால் அது வீட்டோடு நின்றிருக்கும். கிரானைட்டை எப்போது வேண்டுமானாலும் பதிக்கலாம். கூரை போட்ட பிறகு பைலிங் மெஷின் உள்ளே நுழைவதே பெரும்பாடு.

அப்புறம், இரண்டு மாடி உயர ஹாலும் மேற்குப் பார்த்த முழுக் கண்ணாடியும். மாலை நாலு மணி வெயிலுக்கு ஏர்கோன் திணறும். அந்தக் காசில் ஓட்டுக்கு அடியில் சூட்டைத் தடுக்கும் ராக்வூல் விரித்து, வீட்டைச் சுற்றி அகலமான அஞ்சடி, அதாவது கூரை போட்ட தாழ்வாரம், வைக்கலாம். அப்பா அம்மாவும் அங்கேதான் உட்காருவார்கள்.

நீச்சல் குளமா? பிள்ளைகள் சின்னவர்களாக இருந்து, தினமும் இறங்குவார்கள் என்றால் சரி. இல்லையென்றால் அந்தப் பணத்தையும் வாசல் பைலிங்கில் போடுங்கள்.