ஓடும் பிள்ளைக்கு பீக் ஃப்ளோ மீட்டர்: வாங்கலாமா?

என் மகள் ஒன்பதாம் வகுப்பு. 800 மீட்டர் ஓடுகிறாள். காலைப் பயிற்சி பெரியமேடு நேரு ஸ்டேடியத்தில். ஓடும்போது அவளுக்கு ஒன்றும் தெரியாது. ஓடி முடித்து, தண்ணீர் குடித்து, ஷூவைக் கழற்றும் நேரத்தில்தான் இருமல் பிடிக்கும், நெஞ்சுக்குள் விசில் அடிக்கும். "ஸ்டாமினா பத்தல சார், பால் முட்டை குடுங்க" என்பது பயிற்சியாளரின் தீர்ப்பு. நெஞ்சக மருத்துவரிடம் போனோம். ஓட்டத்துக்கு முன்னும் பின்னும் ஸ்பைரோமெட்ரி (கருவியில் ஊத வைத்து நுரையீரலின் திறனை அளக்கும் சோதனை) எடுத்துப் பார்த்துவிட்டு, உடற்பயிற்சியால் மூச்சுக்குழல் சுருங்குகிறது என்றார். நீல இன்ஹேலர், அதோடு பொருத்தி மருந்தை இழுக்கும் ஸ்பேசர் குழல், கூடவே மூச்சை ஊதி அளக்கும் பீக் ஃப்ளோ மீட்டர் ஒன்றும் எழுதிக்கொடுத்தார். முதல் இரண்டையும் பற்றி எல்லோரும் எழுதியிருக்கிறார்கள். இந்த மீட்டரைப் பற்றித் தமிழில் தேடினால் ஒன்றும் சிக்கவில்லை, அதனால் எழுதுகிறேன்.

பொருள் ரொம்ப எளிமையானது. ஒரு சாண் நீளப் பிளாஸ்டிக் குழாய், மேலே எண்கள், நடுவில் நகரும் ஒரு சிவப்பு முள். பேட்டரி கிடையாது. ஆயிரம் ரூபாய்க்குள் முடிந்துவிட்டது. முள்ளைப் பூஜ்ஜியத்துக்குத் தள்ளிவிட்டு, நின்றுகொண்டு, மூச்சை முழுக்க இழுத்து, உதட்டை இறுக்கி மூடி, வெடுக்கென்று ஊத வேண்டும். பலூன் ஊதுகிற மாதிரி நிதானமாக ஊதினால் எண் ஏறாது. மூன்று தடவை ஊதி, அதில் பெரிய எண்ணை எழுதிக்கொள்ள வேண்டும். நிமிடத்துக்கு எத்தனை லிட்டர் வேகத்தில் காற்று வெளியே வருகிறது என்பதுதான் அந்த எண்.

பெட்டிக்குள் உயரத்தை வைத்து எண் சொல்லும் அட்டை ஒன்று இருக்கும். அதை ஓரமாக வையுங்கள். உடம்பு நன்றாக இருக்கும்போது இரண்டு மூன்று வாரம் காலையும் மாலையும் ஊதி, பிள்ளையின் சொந்த உச்ச எண்ணைக் கண்டுபிடிக்க வேண்டும். எங்கள் வீட்டில் அது 380. அதில் 80 சதவீதத்துக்கு மேல் இருந்தால் பச்சை, 50 முதல் 80 வரை மஞ்சள், அதற்குக் கீழே போனால் சிவப்பு. சிவப்பு என்றால் மருத்துவர் சொல்லிவைத்த மருந்தைக் கொடுத்துவிட்டு உடனே ஆஸ்பத்திரிக்குக் கிளம்ப வேண்டியதுதான்.

மைதானத்தில்தான் இதன் அருமை தெரிந்தது. ஒரு நாள் ஓடும் முன் 370. ஓடி நின்றவுடன் 365, பெரிய வித்தியாசமில்லை. பத்து நிமிடம் கழித்து ஊதச் சொன்னேன்: 290. இந்தச் சுருக்கம் பெரும்பாலும் ஓட்டம் நின்ற பிறகு ஐந்து பத்து நிமிடத்தில்தான் உச்சத்துக்குப் போகுமாம், அப்புறம் அரை மணி, ஒரு மணி நேரத்தில் தானாக இறங்குமாம். பயிற்சியாளர் மீட்டரைக் கையில் வாங்கித் திருப்பித் திருப்பிப் பார்த்தார். அதன்பிறகு ஸ்டாமினா பேச்சு வரவில்லை. வார்ம் அப் நேரத்தைக் கூட்டினார். மருத்துவர் சொன்னபடி ஓடுவதற்குக் கால் மணி நேரம் முன்னால் ஸ்பேசரில் இரண்டு பஃப் எடுத்துவிட்டு ஓடிய நாளில், அதே பத்தாவது நிமிடத்தில் 350. "பஃப் எடுத்தா பழகிடும்" என்று தினமும் சொல்லிக்கொண்டிருந்த என் அம்மாவும் நோட்டைப் பார்த்துவிட்டு அமைதியாகிவிட்டார்.

போகி அன்று காலை ஓடாமலேயே 300. தெருவில் டயர் எரித்த புகை இன்னும் அடங்கவில்லை. அன்றைக்குப் பயிற்சி வேண்டாம் என்று முடிவெடுக்க யாரோடும் வாதாட வேண்டியிருக்கவில்லை.

குறைகள் இல்லாமலில்லை. எங்களுடையதில் சில மாதத்திலேயே எண்கள் அழிய ஆரம்பித்துவிட்டன. முள் சில நேரம் ஒட்டிக்கொள்கிறது. வெதுவெதுப்பான சோப்புத் தண்ணீரில் அலசி நன்றாக உலரவிட்டால் சரியாகிறது. பெரிய குறை, ஊதுகிறவர் மனசு வைத்தால்தான் எண் சரியாக வரும். அரைமனதாக ஊதினால் குறையும், எச்சில் துப்புகிற மாதிரி ஊதினால் பொய்யாக ஏறும். பயிற்சிக்கு மட்டம் போட நினைக்கிற பிள்ளைக்கு இது வசதி! நோய் இருக்கிறதா இல்லையா என்று முடிவு செய்யவும் இது போதாது, அதற்கு ஸ்பைரோமெட்ரிதான். கூட ஓடும் பிள்ளைகள் "நானும் ஊதிப் பாக்கறேன்" என்று வருவார்கள். கொடுக்காதீர்கள், வாயில் வைக்கிற பொருள்.

வாங்கும்போது கவனிக்க வேண்டியது இரண்டு. சிறு குழந்தைகளுக்கான குறைந்த அளவு மாடலும் கடையில் இருக்கும், பெரும்பாலும் 400 வரைதான் காட்டும். வளர்கிற பிள்ளைக்கு 800 வரை போகும் மாடலே வாங்குங்கள். மீட்டரின் எண்களில் பழைய ரைட் (Wright) அளவுகோல், ஐரோப்பிய (EU) அளவுகோல் என்று இரண்டு உண்டு. ஒரே மூச்சுக்கு இரண்டும் வேறு வேறு எண் காட்டும். மாற்றி வாங்கினால் நோட்டில் எழுதியதெல்லாம் வீண்.

மாநிலம், தேசியம் என்று போகிற பிள்ளைகளின் பெற்றோருக்கு இன்னொன்று. நீல இன்ஹேலரில் இருக்கும் மருந்தான சால்பியூட்டமாலை இன்ஹேலர் வழியாக எடுக்க ஊக்கமருந்து விதியில் அனுமதி உண்டு: 24 மணி நேரத்தில் 1600 மைக்ரோகிராம் வரை, அதிலும் எந்த 8 மணி நேரத்திலும் 600ஐத் தாண்டக் கூடாது. அதே மருந்து மாத்திரையாகவோ சிரப்பாகவோ போனால் தடை. நம் மெடிக்கலில் சாதாரணமாகக் கிடைக்கும் சில இருமல் சிரப்புகளில் அதே வகை மருந்தான டெர்பியூட்டலின் இருக்கும், அதுவும் முன் அனுமதி இல்லாமல் கூடாது. 1972 மியூனிக் ஒலிம்பிக்கில் 16 வயது அமெரிக்க நீச்சல் வீரர் ரிக் டிமாண்ட், 400 மீட்டர் ஃப்ரீஸ்டைலில் வென்ற தங்கத்தை ஆஸ்துமா மருந்தில் இருந்த எஃபெட்ரினால் இழந்தார். பாட்டிலின் பின்பக்கத்தைப் படித்துவிட்டுக் கொடுங்கள்.

மதிப்பெண் ஐந்துக்கு நான்கு. ஒன்றைக் குறைத்தது அந்த அழிகிற எண்களுக்காக. அதன் மேல் செலோ டேப் ஒட்டி வைத்திருக்கிறேன், இப்போதைக்குத் தாங்குகிறது.