மாலைக் காட்டுச் சவாரி: ஆட்கள் அருமை, வாடகை வண்டி சுமார்

கோடை மாலையில் காட்டுப்பாதைகளில் குழுவாக மவுன்டன் பைக் ஓட்டக் கூட்டிப்போகும் சேவை ஒன்றைப் பற்றிய விமர்சனம் இது. முன்னால் ஒரு வழிகாட்டி, கடைசியில் அவர்களுடைய பெண்மணி ஒருவர், நடுவில் நாம். வண்டி இல்லாதவர்களுக்கு வாடகைக்கு அவர்களே தருகிறார்கள், ஹெல்மெட்டும் சேர்த்து. குறைகளையும் போட்டு உடைக்கப்போவதால் பெயரை விட்டுவிட்டேன்.

குழுச் சவாரியை நான் எடைபோடுவது ஒரே ஒரு விஷயத்தை வைத்துத்தான்: நம்மில் கடைசியாக வருகிறவருக்கு அந்த மாலை எப்படிப் போனது? மற்றதெல்லாம் அப்புறம். பல குழுக்களில் என்ன நடக்கும் என்றால், வேகமாக ஓட்டுகிறவர்கள் ஏற்றத்தின் உச்சியில் போய் நின்று, தண்ணீர் குடித்து, கதை பேசி, நன்றாக இளைப்பாறிவிட்டு, பின்னால் வருகிறவர் மூச்சு வாங்க வந்து சேர்ந்த அந்த நொடியில் "சரி, எல்லாரும் வந்தாச்சு, கிளம்பலாம்" என்று மிதிக்கத் தொடங்கிவிடுவார்கள். ஓய்வு யாருக்கு வேண்டுமோ அவருக்கு மட்டும் கிடைக்காது. மாலை முழுக்க இப்படியே போனால் களைத்த கால்களோடு இறக்கத்தில் இறங்குகிறவர் அவர்தான், விழுகிறவரும் பெரும்பாலும் அவர்தான்.

இங்கே வழிகாட்டி அதைச் சரியாகப் பிடித்து வைத்திருக்கிறார். ஒவ்வொரு நிறுத்தத்திலும் கடைசி ஆள் வந்து, வண்டியைச் சாய்த்து, தண்ணீர் குடித்து, பேச்சு சாதாரணமாக வரும்வரை காத்திருந்தார். கிளம்பலாமா என்ற கேள்வியை முன்னால் நின்றவர்களிடம் கேட்கவே இல்லை, கடைசியில் வந்தவரிடம்தான் கேட்டார். வேகக்காரர்கள் சிலருக்கு முகம் சுருங்கியது. அவர்களுக்கும் ஒரு வழி வைத்திருந்தார்: "அந்தக் குட்டி ஏற்றத்தை இன்னொரு தடவை ஏறிட்டு வாங்க, நாங்க இங்கேயேதான் இருப்போம்." இரண்டு பேர் நிஜமாகவே போய் ஏறிவிட்டு வந்தார்கள்.

பாதை பிரியும் இடங்களில் அவர்கள் செய்வது இன்னும் நல்ல ஏற்பாடு. வழிகாட்டிக்கு அடுத்து வருகிறவர் அந்தப் பிரிவில் நின்றுகொள்ள வேண்டும், எல்லாரும் கடந்து கடைசியில் வரும் பெண்மணி வந்த பிறகு அவரோடு சேர்ந்து கிளம்ப வேண்டும். அடுத்த பிரிவில் அப்போது இரண்டாவதாக இருப்பவரின் முறை. பாதை தெரியாதவர்கூட வழிதவற வாய்ப்பில்லை என்பதால் முன்னால் போகிறவரின் டயரை ஒட்டிக்கொண்டே ஓட்ட வேண்டிய அவசியம் போய்விடுகிறது. காட்டுப்பாதையில் இது பெரிய விஷயம். ஒட்டி ஓட்டும்போது கண் முன்னால் போகிறவரின் பின்சக்கரத்தின் மேலேயே இருக்கும், பாதையைப் பார்க்காது. அவர் திடீரென்று பிரேக் அடித்தால் நாமும் சேர்ந்து விழுவோம். கோடையில் அவர் கிளப்பும் புழுதி முழுக்க நம் வாய்க்குள்தான். இடைவெளி விட்டு ஓட்டினால் காடே நமக்கு மட்டும் என்பதுபோல இருக்கிறது, ஆனால் தனியாகவும் இல்லை. நான் குழுச் சவாரிக்குப் போவதே அந்த உணர்வுக்காகத்தான்.

குழுவில் இரண்டு மின்சார மவுன்டன் பைக்குகள் வந்திருந்தன. பொதுவாக இதுவே ஒரு தலைவலி, ஏற்றத்தில் அவர்கள் சாவகாசமாகப் பேசிக்கொண்டு போவார்கள், மற்றவர்கள் பதில் சொல்லக்கூட மூச்சில்லாமல் மிதிப்பார்கள். வழிகாட்டி அவர்களைத்தான் பிரிவுகளில் நிற்பதற்கு அதிகம் பயன்படுத்திக்கொண்டார், நின்றுவிட்டு மறுபடி முன்னால் வருவது அவர்களுக்கு எளிது இல்லையா. யாரையும் குறை சொல்லாமல் சமாளித்த விதம் பிடித்திருந்தது.

சரி, வாடகை வண்டிக்கு வருவோம். கொடுத்தது 29 அங்குலச் சக்கரம், முன்பக்கம் 120 மில்லிமீட்டர் சஸ்பென்ஷன் உள்ள, பின்பக்கம் சஸ்பென்ஷன் இல்லாத ஹார்ட்டெயில். தேர்வில் தப்பில்லை, இந்த மாதிரிப் பாதைக்குப் பின்பக்க சஸ்பென்ஷன் கட்டாயம் கிடையாது. ஹைட்ராலிக் டிஸ்க் பிரேக் அருமையாகப் பிடித்தது, ஆள்காட்டி விரல் ஒன்று போதும், மீதி விரல்கள் ஹேண்டில்பாரை விட வேண்டியதே இல்லை. 1970களில் கலிபோர்னியாவின் மரின் பகுதி மலைச்சரிவுகளில் இந்த விளையாட்டைத் தொடங்கியவர்கள் பெடலைப் பின்னோக்கி மிதித்தால் பிடிக்கும் பழைய பிரேக்கோடு இறங்கினார்கள், சூட்டில் ஹப்பில் இருந்த கிரீஸ் புகைந்து எரிந்துபோகும், இறங்கி முடித்ததும் பிரித்துப் புதிதாக கிரீஸ் வைக்க வேண்டியிருக்கும். அதை நினைத்தால் இன்றைய சாதாரண வாடகை வண்டியே சொகுசுதான்.

ஆனால் அமைப்பு சரியில்லை. டயரில் காற்றை 40 பிஎஸ்ஐக்கு மேல் அடித்து வைத்திருந்தார்கள். 2.3 அங்குல டயருக்கு அது கல் மாதிரி, ஒவ்வொரு வேரிலும் வண்டி துள்ளுகிறது, வளைவில் பிடிமானம் இல்லை. ஏன் அப்படி அடிக்கிறார்கள் என்பதும் புரிகிறது, உள்ளே டியூப் போட்டிருக்கிறார்கள். காற்றைக் குறைத்தால் கல்லில் இடிக்கும்போது டியூப் கல்லுக்கும் ரிம்முக்கும் நடுவில் நசுங்கி இரட்டை ஓட்டை விழும், அப்புறம் குழுவே நிற்க வேண்டும். டியூப்லெஸ்ஸாக மாற்றினால் ஓட்டுகிறவரின் எடைக்கேற்ப 20களில் வைத்து நிம்மதியாக ஓட்டலாம். வாடகைக்கு விடுகிறவர்களுக்கு உள்ளே ஊற்றிய, ஓட்டையை அடைக்கும் திரவமான சீலன்ட்டை அவ்வப்போது பார்த்து நிரப்ப வேண்டிய வேலை கூடும் என்பது உண்மைதான், ஆனால் காசு வாங்குகிறார்களே. நான் கேட்டதும் கடைசியில் வரும் பெண்மணி அளவுமானியை வைத்துப் பார்த்து 30க்குக் கொண்டுவந்து கொடுத்தார். கேட்காதவர்கள் கல் மாதிரி டயரிலேயே ஓட்டினார்கள்.

சஸ்பென்ஷனும் அதே கதைதான். ஏறி நின்றால் முன்சக்கரத்தைத் தாங்கும் போர்க் அதன் மொத்த அசைவில் 15 முதல் 20 விழுக்காடு அமுங்க வேண்டும், இந்த 120 மில்லிமீட்டர் போர்க்கில் அது 18லிருந்து 24 மில்லிமீட்டர். தண்டில் இருக்கும் ரப்பர் வளையத்தைக் கீழே தள்ளிவிட்டு ஏறி நின்று இறங்கிப் பார்த்தால் தெரிந்துவிடும், ஒரு நிமிட வேலை. ஒல்லியான ஒருவருக்கும் நல்ல கனமான ஒருவருக்கும் போர்க்கில் ஒரே காற்றழுத்தத்தில் வண்டியைக் கொடுத்து அனுப்பினார்கள்.

எனக்கு உண்மையிலேயே எரிச்சல் வந்தது, ஓட்டிக்கொண்டே சீட்டை ஏற்றி இறக்க உதவும் டிராப்பர் போஸ்ட் இல்லாததில்தான். ஏற்றத்தில் சீட் உயரமாக இருக்க வேண்டும், இறக்கத்தில் தாழ்வாக இருக்க வேண்டும். டிராப்பர் இருந்தால் கட்டைவிரலால் ஒரு அழுத்து, முடிந்தது. இல்லாவிட்டால் ஒவ்வொரு இறக்கத்துக்கு முன்னும் இறங்கி, கிளிப்பைத் திறந்து, சீட்டை அமுக்கி, மறுபடி மேலே தூக்கி... பழகாதவர்கள் இதற்கெல்லாம் நிற்கவே மாட்டார்கள், மற்றவர்கள் காத்திருக்கிறார்களே என்ற கூச்சம். உயர்ந்த சீட்டோடேயே இறங்குவார்கள், சீட் பின்னாலிருந்து முட்டி உடம்பை முன்னால் தள்ளும், ஹேண்டில்பாருக்கு மேலே பறக்க அது போதும். ஆக கடைசி ஆளுக்காக இவ்வளவு யோசிக்கும் ஒரு குழு, அந்தக் கடைசி ஆளின் கையில் கொடுக்கும் வண்டியில் மட்டும் யோசிக்கவில்லை.

முன்பதிவுப் பக்கத்தில் "எல்லாருக்கும் ஏற்றது" என்று எழுதியிருப்பதையும் மாற்ற வேண்டும். ஓட்டியது நீலத் தரப் பாதை, எளிதான பச்சைத் தரத்தைவிட ஒரு படி கடினம். வேர்கள், சின்னப் படிகள், ஒடுங்கிய வளைவுகள் உண்டு. பெடலில் எழுந்து நின்று இறங்கிப் பழகாதவருக்கு இது ஏற்றது இல்லை. அதைவிடக் கடினமான கறுப்புத் தரத்தில் ஒரு துண்டும் வந்தது, அதற்குப் பக்கவழி இருப்பதை வழிகாட்டி முன்கூட்டியே சொன்னார், பாதிப்பேர் பக்கவழியில்தான் போனோம், யாரும் யாரையும் கிண்டல் செய்யவில்லை.

சொல்லிக்கொடுக்கும் விதத்தில் குறையே இல்லை. வேர் அடர்ந்த ஒரு சரிவில் எல்லாரையும் நிறுத்தி, வண்டிகளை ஓரமாகப் போடச் சொல்லி, நடந்தே மேலே கூட்டிப்போய்க் காட்டினார். வேரைச் சாய்வாகத் தொட்டால் சக்கரம் வேரோடேயே வழுக்கிக்கொண்டு போகும், நேர்குறுக்காகக் கடக்க வேண்டும், பிரேக்கை வேருக்கு முன்பே பிடித்துவிட்டு வேரின் மேல் விட்டுவிட வேண்டும். இரண்டு பெடலும் ஒரே மட்டத்தில், எடை காலில், கை லேசாக. அப்புறம் அவரே மெதுவாக ஒருமுறை, வேகமாக ஒருமுறை இறங்கிக் காட்டினார். நூறு வீடியோ பார்த்தாலும் ஏறாத விஷயம் அந்த இடத்தில் நின்று பார்க்கும்போது ஏறுகிறது.

நடக்க வருகிறவர்களைக் கண்டால் முன்னால் போகிறவர் வேகத்தைக் குறைத்து, வணக்கம் சொல்லி, "பின்னால இன்னும் ஒன்பது பேர் வர்றோம்" என்று எண்ணிக்கையையும் சொல்லிவிடுவார். கடைசி ஆள் "நான்தான் கடைசி, நன்றி" என்பார். நடப்பவர்களுக்கும் குதிரைகளுக்கும் சைக்கிள்தான் வழிவிட வேண்டும், இறங்குகிறவர் ஏறுகிறவருக்கு விட வேண்டும் என்பதை 1988இல் தொடங்கிய இம்பா என்ற சர்வதேச மவுன்டன் பைக் அமைப்பின் விதிகளிலேயே பார்க்கலாம். இவர்கள் அதைச் சட்டமாகப் படித்துக் காட்டாமல் பழக்கமாகவே செய்கிறார்கள்.

பாதி வழியில் சொந்த வண்டியில் வந்த ஒருவரின் பின்கியர் கல்லில் இடித்து, அதைத் தாங்கும் ஹேங்கர் வளைந்துவிட்டது. இந்தத் துண்டு ஃபிரேமுக்கு ஃபிரேம் வேறு வேறாக இருக்கும், எவனும் எல்லா வகையும் சுமக்க முடியாது. சைக்கிள் பாகங்கள் செய்யும் ஸ்ராம் நிறுவனம் 2019இல் கொண்டுவந்த யூடிஹெச் என்ற பொது வகை பல புது ஃபிரேம்களில் வருவதால் பெண்மணியின் பையில் அது ஒன்று இருந்தது, ஹேங்கர் வளைந்தவரின் வண்டியும் அந்த வகை, பிழைத்தார். பொருந்தியிருக்காவிட்டால் செயினைச் சுருக்கி ஒற்றைக் கியராக்கித்தான் தள்ளாமல் வந்திருக்க முடியும். சொந்த வண்டியில் போகிறவர்கள் உங்கள் ஃபிரேமுக்கான ஹேங்கர் ஒன்றைப் பையில் போட்டுக்கொள்ளுங்கள்.

அந்த ரிப்பேரில் நேரம் போனது, அப்போதுதான் பெரிய குறை தெரிந்தது. விளக்கு தருவதில்லை. "இருட்டுறதுக்குள்ள திரும்பிடுவோம்" என்கிறார்கள். வெட்டவெளியில் சூரியன் இன்னும் இருக்கும்போதே அடர்ந்த மரங்களுக்குக் கீழே இருட்டிவிடும். அதற்கு முன்னாலேயே சாய்ந்த வெயில் மரங்களுக்கு நடுவே பட்டை பட்டையாக விழுகிறது, வெளிச்சம், இருட்டு, வெளிச்சம், இருட்டு. கண் இருட்டுக்கு முழுதாகப் பழக 20, 30 நிமிடம் வேண்டும், இங்கே இரண்டு நொடிக்கு ஒருமுறை மாறுகிறது, நிழலில் கிடக்கும் வேர் கண்ணில் படுவதற்குள் சக்கரம் அதன் மேல் ஏறிவிடுகிறது. கறுப்புக் கண்ணாடி போட்டு வந்தவர்கள் பாதியில் கழற்றிவிட்டார்கள். நிறமில்லாத கண்ணாடிதான் சரி, பூச்சியும் கிளையும் கண்ணில் படாமல் இருக்க அதையாவது போட வேண்டும்.

ஆளுக்கொரு விளக்கு கொடுத்தால் என்ன? ஹேண்டில்பாரில் ஒன்று இருந்தாலே போதும், கீழிருந்து வரும் அந்த வெளிச்சத்தில் வேருக்கும் கல்லுக்கும் நிழல் விழுவதால் எது மேடு எது பள்ளம் என்று தெரியும். ஹெல்மெட் விளக்கு கண்ணுக்குப் பக்கத்திலிருந்தே அடிப்பதால் பாதை தட்டையாகத் தெரியும், ஆனால் வளைவில் நாம் பார்க்கும் பக்கம் அதுதான் திரும்பும். முடிந்தவர்கள் இரண்டையும் சொந்தமாகக் கொண்டுபோங்கள். அன்று வழிகாட்டியிடமும் பெண்மணியிடமும் மட்டும் விளக்கு இருந்தது, கடைசித் துண்டை நடுவில் இருந்தவர்கள் அகலமான வனச்சாலை வழியாகத்தான் இறங்கினோம். அந்த முடிவு சரி. ஆனால் நல்ல இறக்கம் ஒன்று போச்சு.

சிறுவர்களைக் கூட்டிப்போக நினைத்தால் வாடகைக்குச் சின்ன அளவு வண்டி இல்லை, சொந்த வண்டி வேண்டும். நீளமான காலுறை போட்டுக்கொள்ளுங்கள், புல் உரசும் இடங்களில் உண்ணி ஏறும். திரும்பியதும் முழங்கால் மடிப்பு, இடுப்பு, காதுக்குப் பின்னால் பாருங்கள். இருந்தால் கூர்மையான இடுக்கியால் தோலை ஒட்டிப் பிடித்து நேராக மேலே இழுக்க வேண்டும், திருகக் கூடாது, நெருப்பு வைக்கக் கூடாது. இடுக்கியும் பெண்மணியின் பையில்தான் இருந்தது.