முன் கண்ணாடி மாற்றிய பின் அடாஸ் கேமரா: ஒரு வருஷத்துக்கு மேல் ஓட்டிய அனுபவம்

என் காரின் முன் கண்ணாடியை மாற்றி ஒரு வருஷத்துக்கு மேல் ஆகிறது. இதற்குள் அடாஸ் கேமராவுக்கு, அதாவது ஓட்டுநருக்கு உதவும் வசதிகளுக்காகச் சாலையைப் பார்க்கும் கேமராவுக்கு, இரண்டு முறை காலிப்ரேஷன் (பார்வைக் கோணத்தைச் சரிசெய்யும் வேலை) நடந்தது. இரண்டு முறையும் காரின் கணினியோடு இணைக்கும் ஸ்கேனர் கருவியின் திரையில் வந்த பதில் ஒன்றுதான்: பாஸ். ஆனால் முதல் பாஸுக்குப் பிறகு நான் ஓட்டிய காரும், இரண்டாவது பாஸுக்குப் பிறகு ஓட்டுகிற காரும் ஒன்றல்ல. கண்ணாடி மாற்றப்போகிறவர்களுக்குப் பயன்படும் என்பதால் அந்த வித்தியாசத்தை எழுதி வைக்கிறேன். விலை உயர்ந்த கார்களின் சமாச்சாரம் என்று இதை ஒதுக்கவும் முடியாது. ஐரோப்பிய ஒன்றியத்தில் 2024 ஜூலை முதல் புதிதாகப் பதிவாகும் சிறிய காரில்கூட தானியங்கி அவசர பிரேக்கும், தடம் விலகாமல் இழுத்துப் பிடிக்கும் வசதியும் கட்டாயம்.

என் காரில் ரியர் வியூ கண்ணாடிக்குப் பின்னால் ஒரே ஒரு கேமரா. தடக்கோடுகளைப் பார்ப்பது, வேகப் பலகையைப் படிப்பது, ஹை பீமைத் தானாக ஏற்றி இறக்குவது எல்லாம் அதன் வேலை. முன் பம்பருக்குள் தனியாக ஒரு ரேடார் இருக்கிறது. முன்னால் போகும் வண்டியின் தூரத்தை அது அளக்கும். அவசர பிரேக் மட்டும் இரண்டின் பேச்சையும் கேட்டு முடிவெடுக்கும். இந்தப் பிரிவினையை நினைவில் வையுங்கள், பிறகு தேவைப்படும்.

கண்ணாடி விஷயத்தை முதலில் முடித்துவிடலாம். கார் கம்பெனி முத்திரை போட்டதா, வெளித் தயாரிப்பா என்று கேட்டால் ஆளுக்கொரு கட்சி. எனக்குப் பொருத்தியது வெளித் தயாரிப்புதான். இதுவரை குறை சொல்ல ஒன்றுமில்லை. முத்திரையைவிட கேமரா பார்க்கும் அந்தச் சின்ன இடம்தான் முக்கியம். கண்ணாடியின் மேல் விளிம்பில் கறுப்புப் பட்டைக்கு நடுவே ஒரு சரிவக வடிவ ஜன்னல் விட்டிருப்பார்கள். பொருத்துவதற்கு முன் அதன் வழியாகத் தூரத்தில் உள்ள ஒரு கம்பத்தைப் பார்த்தபடி தலையை மெல்ல இடமும் வலமும் நகர்த்திப் பார்த்தேன். கம்பம் நெளியவில்லை. நெளிந்திருந்தால் அந்தக் கண்ணாடியே வேண்டாம் என்றிருப்பேன். கேமராவைத் தாங்கும் பிராக்கெட் புதுக் கண்ணாடியிலேயே ஒட்டி வந்திருக்க வேண்டும். பழையதிலிருந்து பிய்த்து ஒட்டித் தருகிறேன் என்று யாராவது சொன்னால் வேறு கடை பாருங்கள்.

பசை காயும் நேரத்தில் அவசரப்படுத்தாதீர்கள். யூரித்தேன் பசை காற்றிலுள்ள ஈரத்தை வாங்கித்தான் இறுகும். குளிரிலும் வறண்ட காற்றிலும் அதற்கு நேரம் அதிகம் பிடிக்கும். எத்தனை மணி நேரம் கழித்து ஓட்டலாம் என்பது அந்தப் பசையின் உறையிலேயே இருக்கும். சரியாக இறுகாத கண்ணாடியில் உட்கார்ந்திருக்கும் கேமராவுக்குக் காலிப்ரேஷன் செய்து என்ன பயன்?

கண்ணாடி மாற்றிய கடையிலேயே காலிப்ரேஷனும் முடித்துத் தந்தார்கள். பெயர் வேண்டாம். கண்ணாடி வேலை சுத்தமாக இருந்தது, அதை மறுக்கவில்லை. காலிப்ரேஷன் நடந்தது ஷட்டர் திறந்த முன்பக்கக் கூடத்தில். பாதி வெயில், பாதி நிழல். கட்டம் போட்ட பலகையை காருக்கு முன்னால் நிறுத்தி, பம்பரின் நடுவிலுள்ள சின்னத்தைப் பார்த்து நேராக்கி, டேப் வைத்து தூரம் அளந்தார்கள். கொஞ்ச நேரத்தில் பாஸ். பில் போட்டாயிற்று.

டாஷ்போர்டில் எந்த எச்சரிக்கை விளக்கும் எரியவில்லை. க்ரூஸ் கண்ட்ரோல் முன்னால் போகும் வண்டியோடு அழகாக இடைவெளி விட்டு ஓடியது. இங்கேதான் பலர் ஏமாறுகிறார்கள் என்று நினைக்கிறேன். க்ரூஸ் நன்றாக ஓடினால் கேமராவும் நன்றாக இருக்கிறது என்று அர்த்தமில்லை. தூரத்தை அளப்பது பம்பரில் இருக்கும் ரேடார், அதை யாரும் தொடவே இல்லை.

கோளாறு தெரிந்தது தடம் காக்கும் வசதியில். கார் தடத்தின் நடுவில் ஓடாமல் வலப்பக்கக் கோட்டை ஒட்டியே போய்க்கொண்டிருந்தது. முதல் சில வாரங்கள் சாலையின் சரிவு என்று நினைத்தேன். வேறு சாலை, எதிர்ச் சரிவு, அப்போதும் வலப்பக்கம்தான். பிறகு ஆளில்லாத நேரான பல தடச் சாலையில், சிக்னல் போடாமல், மெதுவாக ஒரு பக்கம் சாய்ந்து பார்த்தேன். பக்கத்தில் இருந்த நண்பர் சக்கரத்துக்கும் கோட்டுக்கும் உள்ள இடைவெளியைப் பார்த்துச் சொன்னார். இடப்பக்கம் போனால் கோடு இன்னும் நன்றாகத் தள்ளி இருக்கும்போதே பீப் அடித்தது. வலப்பக்கம் போனால் டயர் கோட்டில் ஏறிய பிறகுதான் அடித்தது. ஒரு பக்கம் முந்தியும் மறுபக்கம் பிந்தியும் எச்சரிக்கை வந்தால், கேமரா நேராகப் பார்க்கவில்லை என்று சந்தேகப்படலாம்.

அதே கடைக்குப் போய்ச் சொன்னேன். ஸ்கேனரை மாட்டினார்கள், எரர் கோடு (பிழைக் குறியீடு) எதுவும் இல்லை. "கோடு இல்லைன்னா பிரச்சினை இல்லை சார்" என்றார் அங்கே இருந்தவர். அவர் பொய் சொல்லவில்லை, அவருடைய கருவி சொன்னதைத்தான் சொன்னார்.

பிறகு இதைத் தெரிந்த ஒரு அலைன்மென்ட் டெக்னீஷியனிடம் பேசியபோதுதான் முடிச்சு அவிழ்ந்தது. பலகை எங்கே நிற்கிறது என்று கேமராவுக்குத் தெரியாது. கையேட்டில் சொன்ன இடத்தில்தான் நிற்கிறது என்று அது நம்புகிறது. நம்பி, பலகை எந்தத் திசையில் தெரிகிறதோ அதை வைத்துத் தன் கோணத்தைத் திருத்திக்கொள்கிறது. பலகை தவறான இடத்தில் நின்றால் கேமரா அந்தத் தவறையே கற்றுக்கொள்ளும். விலகல் அனுமதித்த எல்லைக்குள் இருக்கும் வரை பாஸ் என்றும் சொல்லும். ஆக அந்தச் சொல்லுக்கு 'பலகை தெரிந்தது, கணக்கு முடிந்தது' என்பதற்கு மேல் பொருள் கிடையாது. பலகையைச் சரியான இடத்தில் வைப்பது முழுக்க மனிதன் பொறுப்பு.

எவ்வளவு பிசகினால் எவ்வளவு என்று ஒரு கணக்குப் போட்டுப் பாருங்கள். பலகை கேமராவிலிருந்து 3 மீட்டரில் இருக்கிறது என்று வைத்துக்கொள்வோம். 3 சென்டிமீட்டர் பக்கவாட்டில் தள்ளி நின்றால் 50 மீட்டரில் அரை மீட்டர், 100 மீட்டரில் ஒரு மீட்டர் விலகல். ஒரு தடத்தின் அகலமே பெரும்பாலும் மூன்றரை மீட்டர்தான். உயரத்தில் பிசகினால் இன்னும் மோசம். ஒற்றைக் கேமரா தூரத்தைக் கணிக்கும் வழிகளில் ஒன்று, முன்னால் உள்ள வண்டியின் டயர் சாலையைத் தொடும் இடம் அடிவானத்துக்கு எவ்வளவு கீழே தெரிகிறது என்று பார்ப்பது. கேமரா 1.3 மீட்டர் உயரத்தில் இருந்தால், 50 மீட்டரில் நிற்கும் வண்டியின் டயர் ஏறக்குறைய 1.5 டிகிரி கீழே தெரியும். பலகை ஒன்றரை சென்டிமீட்டர் ஏறியோ இறங்கியோ இருந்தால் 0.3 டிகிரி பிழை. அதே வண்டி 62 மீட்டரில் நிற்பதாகவோ 42 மீட்டரில் நிற்பதாகவோ கணக்கு மாறிவிடும். 100 கி.மீ. வேகத்தில் அந்த 12 மீட்டரைக் கடக்க அரை நொடிகூட ஆகாது. ரேடார் இருக்கும் கார்களில் இந்தப் பிழையை அது ஓரளவு ஈடுகட்டும். கேமரா மட்டுமே உள்ள கார்களில் அந்தத் துணையும் இல்லை. கடையின் தரை சமமில்லை என்றாலும் இதே கதைதான், பலகையின் உயரம் சரியாக இருந்தும் பயனில்லை.

இரண்டாவது காலிப்ரேஷனை வேறு இடத்தில் செய்தேன். நாளில் பெரும்பகுதி போயிற்று. அதில் கேமராவைத் தொட்ட நேரம் மிகக் குறைவு. முதலில் நான்கு டயரின் காற்று. அப்புறம் டிக்கியைக் காலி செய்யச் சொன்னார்கள். பெட்ரோல் அளவைக் குறித்துக்கொண்டார்கள். பேட்டரி நடுவில் தளராமல் இருக்க சார்ஜரை மாட்டினார்கள். அதன்பின் வீல் அலைன்மென்ட். பின் சக்கரங்கள் இரண்டும் சேர்ந்து காரைத் தள்ளும் திசை, காரின் நடுக்கோட்டிலிருந்து கொஞ்சம் விலகியிருந்தது. கார் உண்மையில் நகரும் திசை அதுதான், எனவே பலகையையும் அதற்கு நேராகத்தான் வைக்க வேண்டும். பம்பர் சின்னத்தைப் பார்த்து வைத்தால் நடுக்கோடு என்று நாம் நினைப்பதற்கு நேராக நிற்கும், அவ்வளவுதான். அவர்கள் முதலில் அலைன்மென்ட்டைச் சரிசெய்தார்கள். பிறகு ஒவ்வொரு சக்கரத்தின் மையத்திலிருந்தும் தூக்குக் குண்டு தொங்கவிட்டு, தரையில் குண்டின் முனை ஆடி நின்ற இடத்தில் டேப் ஒட்டி, அதன்மேல் பேனாவால் ஒரு சிலுவைக் குறி போட்டார்கள். அந்தக் குறிகளிலிருந்து லேசர் கோடு இழுத்து, கோட்டின் மேல் பலகையின் நடுவைப் பொருத்தினார்கள். ஒரு பக்கம் 2 மில்லிமீட்டர் கூடியதற்காக ஸ்டாண்டை மறுபடி நகர்த்தியதைப் பார்த்தபோதே எனக்கு நம்பிக்கை வந்துவிட்டது.

பலகை வேலை முடிந்ததும் ஸ்கேனரை மாட்டியபடியே சாலையில் ஓட்டினார்கள். என் காருக்கு இரண்டும் தேவை. சில கார்களுக்குப் பலகை மட்டும், சிலவற்றுக்கு ஓட்டுவது மட்டும் போதும். டெஸ்லாவில் பலகையே கிடையாது. பழைய காலிப்ரேஷனை அழித்துவிட்டு ஓட்டினால், வழக்கமாக 32 முதல் 40 கி.மீ. தூரத்துக்குள் கேமராக்கள் தாமாகவே கற்றுக்கொள்ளும். ஓட்டிச் செய்யும் முறைக்குக் கோடுகள் தெளிவாக உள்ள சாலையும் சீரான வேகமும் வேண்டும். மழையிலும் நெரிசலிலும் அது முடியாமல் இழுத்துக்கொண்டே போகும். உங்கள் காருக்கு எந்த முறை என்பதை கடைக்காரரின் வாய்ச்சொல்லாக இல்லாமல், சர்வீஸ் மேனுவல் பக்கமாகக் காட்டச் சொல்லுங்கள்.

அன்றிலிருந்து இன்றுவரை கார் தடத்தின் நடுவில் ஓடுகிறது. இரண்டு பக்கமும் பீப் ஏறக்குறைய ஒரே இடைவெளியில் வருகிறது. பெரு மழை, இரவு, குடும்பமும் மூட்டை முடிச்சும் ஏற்றிய நீண்ட பயணம் எல்லாம் ஆயிற்று. பின்பக்கம் பாரம் ஏறினால் கேமராவின் பார்வை மேலே தூக்கிக்கொள்ளுமே என்ற கவலை இருந்தது. பல கேமராக்கள் ஓடும்போதே சிறு மாற்றங்களைத் தாமாகத் திருத்திக்கொள்ளும். என் கார் பாரத்தோடும் நேராகவே ஓடியது. நடுவில் டயர் மாற்றினேன், அதே அளவில் போட்டதால் எதுவும் மாறவில்லை. சஸ்பென்ஷன் உயரத்தை மாற்றினாலோ, கேமராவைக் கழற்றி மாட்டினாலோ மறுபடி காலிப்ரேஷன் செய்வேன், யோசிக்க மாட்டேன்.

முதல் கடை வேலையால் வந்த இன்னொரு தொல்லை வைப்பரில். மழை சென்சார் கண்ணாடிக்குள் அகச்சிவப்பு ஒளியை அனுப்பி, உள்ளேயே பிரதிபலித்துத் திரும்பி வருவதை அளக்கும். வெளியே துளி இருந்தால் ஒளி கொஞ்சம் வெளியேறிவிடும், திரும்புவது குறையும். சென்சாருக்கும் கண்ணாடிக்கும் நடுவில் உள்ள ஜெல் பட்டையில் அரிசி அளவு காற்றுக் குமிழி ஒன்று மாட்டியிருந்தது. விளைவு, நல்ல வெயிலில் வைப்பர் காய்ந்த கண்ணாடியைத் தேய்க்கும். பட்டையைப் புதிதாக மாற்றியதும் நின்றது. வெளியிலிருந்து கண்ணாடியைப் பார்த்தாலே அந்தக் குமிழி தெரியும், டெலிவரி எடுக்கும்போதே பார்த்துவிடலாம்.

காலிப்ரேஷன் அறிக்கையை அச்சிட்டு வாங்குங்கள். வேலைக்கு முன் எடுத்த ஸ்கேன், பின் எடுத்த ஸ்கேன், அலைன்மென்ட் எண்கள் எல்லாம் அதில் இருக்க வேண்டும். இன்சூரன்ஸில் கண்ணாடிக்கு ஒப்புதல் வாங்கும்போதே காலிப்ரேஷனையும் தனி வரியாகச் சேர்க்கச் சொல்லுங்கள். பிற்பாடு சேர்க்கப் போனால் பேச்சு நீளும். அவசர பிரேக் வேலை செய்கிறதா என்று அட்டைப் பெட்டியை நிறுத்தி அதை நோக்கி ஓட்டிப் பார்க்கிறவர்கள் இருக்கிறார்கள். தயவுசெய்து வேண்டாம். பெட்டியை வண்டியாகவோ மனிதனாகவோ கேமரா எடுத்துக்கொள்ள வேண்டும் என்று எந்தக் கட்டாயமும் இல்லை, அது நிற்காவிட்டாலும் உங்களுக்கு ஒன்றும் தெரியப்போவதில்லை.

இன்னும் தீராத குறைகளும் உண்டு. ஈரமான அதிகாலைகளில் கேமரா முன்னால் உள்ள ஜன்னலில் உள்பக்கம் ஆவி படிந்து, 'கேமரா மறைக்கப்பட்டுள்ளது' என்ற செய்தி வருகிறது. டிஃபாகரைப் போட்டுக் கொஞ்ச தூரம் ஓட்டினால் போய்விடும். பழைய கண்ணாடியில் இது இவ்வளவு வந்ததில்லை, கேமரா மூடி முன்புபோல இறுக்கமாக உட்காரவில்லையோ என்ற சந்தேகம் இருக்கிறது. அடுத்த சர்வீஸில் பார்க்கச் சொல்ல வேண்டும். தானியங்கி ஹை பீம் எதிர்வரும் லாரியைக் கண்டு இறங்கச் சற்றுத் தாமதிக்கிறது. கண்ணாடி மாற்றுவதற்கு முன்பும் அது அப்படித்தான், எனவே அந்தப் பழியைக் காலிப்ரேஷன் மேல் போட முடியாது.