காருண்யா கார்டை நம்பி நரம்பு டாக்டரிடம் போகிறவர்கள் கவனத்துக்கு

கேரளத்தில், பாலக்காடு மாவட்டத்துக் கொழிஞ்சாம்பாறை, சித்தூர், கோவிந்தாபுரம் பக்கம் இருக்கிறவர்கள் இதைப் படித்துவிட்டு வீட்டிலும் சொல்லி வையுங்கள். வலிப்பு, பக்கவாதம் என்று யாருக்காவது நரம்பு டாக்டர் தேவைப்பட்டால், 'காருண்யா கார்டு உண்டு' (கேரள அரசின் மருத்துவக் காப்பீட்டு அட்டை) என்ற போர்டை மட்டும் பார்த்துத் தனியார் ஆஸ்பத்திரியில் சேர்த்துவிடாதீர்கள்.

என் மாமியாருக்கு வயது 63. ஒருநாள் விடிகாலை வலிப்பு வந்து, நாக்கைக் கடித்து, நினைவில்லாமல் கிடந்தார். பாலக்காட்டில் ஒரு தனியார் ஆஸ்பத்திரிக்குக் கொண்டுபோனோம். வாசலிலேயே பெரிய போர்டு. உள்ளே இருந்த பையனிடம் கார்டைக் காட்டி, "தம்பி, நரம்பு டாக்டருக்கும் இது எடுக்குமா?" என்று கேட்டேன். "எல்லாத்துக்கும் எடுக்கும் சேச்சி" என்றான். கைரேகை வைத்துச் சேர்த்துக்கொண்டார்கள்.

அப்புறம்தான் ஒவ்வொன்றாக வெளியே வந்தது. அவர்களிடம் நிரந்தர நரம்பு டாக்டரே கிடையாது. கோயம்புத்தூரிலிருந்து ஒருவர் அவ்வப்போது வந்து போவாராம்; அவருக்குத் தனி ஃபீஸ், கையில் காசு. எம்.ஆர்.ஐ. 7,500 ரூபாய், மூளையின் மின் அலைகளைப் பார்க்கும் இ.இ.ஜி. தனி. வலிப்புக்கான லெவிடிராசிட்டம் மாத்திரையைக்கூட அவர்கள் மருந்துக்கடையிலேயே காசு கொடுத்து வாங்கச் சொன்னார்கள். கேட்டால், "கார்டு ஜெனரல் மெடிசினுக்குத்தான், இதெல்லாம் அதில் வராது" என்று அதே பையன் சொன்னான். சேர்க்கும்போது 'எல்லாத்துக்கும்' என்ற வாய் அது.

அது சுத்தப் பொய். கார்டில் சேர்த்த நோயாளியிடம், படுத்திருக்கும்போது எடுக்கும் பரிசோதனைக்கோ மருந்துக்கோ காசு வாங்கக் கூடாது. சேர்வதற்கு முந்தைய 3 நாள் பரிசோதனையும், வீடு திரும்பிய பிறகு 15 நாள் மருந்தும்கூடத் திட்டத்துக்குள் வருபவை. குடும்பத்துக்கு வருடம் 5 லட்சம் வரை என்று அரசு கொடுப்பது சும்மா கட்டில் வாடகைக்கு அல்ல. ஆனால் படுக்காமல் ஓ.பி.யில் டாக்டரைப் பார்த்து மருந்து எழுதி வாங்குவதற்குக் கார்டு செல்லாது. இந்த ஒன்றைத்தான் ஆஸ்பத்திரிகள் தங்களுக்குச் சாதகமாகக் குழப்பிவிடுகின்றன.

டிஸ்சார்ஜ் அன்று ஒரு காகிதத்தை நீட்டினார்கள். முழுக்க மலையாளம். நம் ஊரில் மலையாளம் பேசாதவர் யார்? ஆனால் தமிழ் மீடியத்தில் படித்த என் வயசுக்காரர்களுக்கு எழுத்துக் கூட்டித்தான் படிக்க வரும். "ஃபார்மாலிட்டிதான், ஒப்பிடு (கையெழுத்துப் போடு) சேச்சி" என்று அவசரப்படுத்தினார்கள். நான் போட்டோ எடுத்துப் பக்கத்து வீட்டுப் பெண்ணுக்கு அனுப்பினேன், கல்லூரியில் படிக்கிறாள். அவள் போனிலேயே வாசித்தாள்: கார்டின் பலன் எங்களுக்கு வேண்டாம், சொந்த விருப்பத்தில் பணம் கட்டினோம் என்று இருந்தது. கையெழுத்துப் போடவில்லை. அதற்குத் தண்டனை மாதிரி மாலை வரை உட்கார வைத்தார்கள். பில் கேட்டதற்கு வெள்ளைச் சீட்டில் தொகையை எழுதிக் கொடுத்தார்கள். சீல் உள்ள பில் கொடுத்தால்தான் நகர்வேன் என்று கவுண்டர் முன்னாலேயே நின்றேன். கொடுத்தார்கள்.

இதோடு முடிந்திருந்தால்கூடப் பரவாயில்லை. மறுபடி வலிப்பு வந்தபோது திருச்சூர் மெடிக்கல் காலேஜுக்குப் போனோம். அங்கே நரம்பியலுக்குத் தனிப் பிரிவே இருக்கிறது. காருண்யா கவுண்டரில் கார்டைப் போட்டால், கணக்கின்படி அத்தை இன்னும் பாலக்காட்டில்தான் படுத்திருக்கிறார்! அவர்கள் கணினியில் டிஸ்சார்ஜே போடவில்லை. நம்மிடமும் காசு, கார்டிலிருந்தும் காசு. மெடிக்கல் காலேஜ் கவுண்டர் பெண் அங்கே போன் செய்து சத்தம் போட்ட பிறகே சேர்க்கை நடந்தது. அங்கே மருந்தின் அளவை மாற்றினார்கள், இப்போது அத்தை நன்றாக இருக்கிறார். கூட்டம் அதிகம், காத்திருக்கத்தான் வேண்டும். காசு பிடுங்கவில்லை.

ஆகவே சேர்ப்பதற்கு முன்னால் கேட்க வேண்டிய கேள்வி 'கார்டு எடுப்பீர்களா' என்பதல்ல. 'இந்த நோய்க்கு, எந்தப் பிரிவில் கார்டைப் போடுவீர்கள், நரம்பு டாக்டர் இங்கேயே இருக்கிறாரா, ஸ்கேனுக்கும் காசு கேட்பீர்களா' என்று கேளுங்கள். ஆஸ்பத்திரிகளைத் திட்டத்தில் பிரிவு பிரிவாகத்தான் சேர்க்கிறார்கள். எலும்புக்கு இருக்கும், மூளைக்கு இருக்காது. காருண்யாவோடு இணைந்த மத்திய அரசுத் திட்டமான ஆயுஷ்மானின் இணையதளத்தில் மாவட்டத்தையும் பிரிவையும் போட்டால் பட்டியல் வரும். திட்டத்தின் உதவி எண் 14555-க்குப் போன் செய்தும் கேட்கலாம், கட்டணம் இல்லை. இன்னொன்று, 'இன்சூரன்ஸ் உண்டு' என்று பொதுவாக எழுதியிருந்தால் அது மெடிசெப்பாக இருக்கலாம். அது அரசு ஊழியர்களுக்கும் ஓய்வூதியர்களுக்கும் உள்ளது, நமக்கல்ல.

காசு பிடுங்கியிருந்தால் அதே 14555-இல் புகார் பதியலாம். மாவட்டக் குறைதீர்க்கும் குழுவுக்குக் கலெக்டர்தான் தலைவர். நான் மனுவைத் தமிழிலேயே எழுதினேன். சித்தூர் தாலுகா மாதிரி மொழிச் சிறுபான்மைப் பகுதியில் அரசு அலுவலகத்துக்குத் தமிழில் எழுத 1969-ஆம் வருடக் கேரள ஆட்சிமொழிச் சட்டமே இடம் கொடுக்கிறது. பில் நகலையும் அந்தக் காகிதத்தின் போட்டோவையும் சேர்த்தே வைத்தேன்.

மனு போன பிறகு ஆஸ்பத்திரியிலிருந்து அழைப்பு. எம்.ஆர்.ஐ. காசை மட்டும் தருகிறோம், புகாரை வாபஸ் வாங்குங்கள் என்றார்கள். முழுத் தொகையையும் அத்தையின் பேங்க் கணக்கில் போட்டுவிட்டுப் பேசுங்கள் என்று சொல்லியிருக்கிறேன். இன்னும் வரவில்லை.