எக்ஸ்ரேயா, சி.டி. ஸ்கேனா?

ரத்தப் புற்றுநோய்க்குக் கீமோதெரபி எடுப்பவருக்குக் காய்ச்சலோடு இருமலும் சேர்ந்தால், சென்னை மருத்துவமனைகளில் பெரும்பாலும் முதலில் எடுப்பது மார்பு எக்ஸ்ரேதான். கருவி படுக்கைக்கே உருண்டு வந்துவிடும், செலவும் குறைவு. “படம் சுத்தமாக இருக்கிறது” என்றதும் வீட்டார் பெருமூச்சு விடுவார்கள். அங்கேதான் எனக்கு உறுத்தல்.

நிமோனியா எக்ஸ்ரேயில் வெள்ளையாகத் தெரிவதற்கு, கிருமியோடு போராடத் திரளும் வெள்ளணுக்களும் கசியும் நீரும் முக்கியக் காரணம். கீமோதெரபியால் நியூட்ரோஃபில் என்ற வெள்ளணுக்களின் எண்ணிக்கை ஒரு மைக்ரோலிட்டர் ரத்தத்தில் 500-க்குக் கீழே விழுந்தவரிடம் திரள்வதற்குப் படையே இல்லை. நோய் உள்ளே இருந்தும் படம் வெறுமையாக இருக்கலாம்.

சி.டி. ஸ்கேன் இங்கே பல படி மேல். ஆஸ்பெர்ஜில்லஸ் பூஞ்சை தொற்றினால், ஒரு முடிச்சும் அதைச் சுற்றி மங்கலான வளையமும் தெரியக்கூடும். பூஞ்சை ரத்தக்குழாயைத் துளைத்ததால் கசிந்த ரத்தம் அது. முதல் சில நாட்களில்தான் இந்த வளையம் தெளிவு. ஸ்கேனை அடுத்த வாரத்துக்குத் தள்ளினால் மறைந்துபோகலாம். கதிர்வீச்சு கூடுதல்தான், இந்த நிலையில் அது இரண்டாம் கவலை. எதிர்ப்புச் சக்தி இல்லாதவரைக் கூட்டமான லிஃப்டில் ஸ்கேன் அறைக்குக் கொண்டுபோவதுதான் பெரிய தொல்லை.

ஆனால் சி.டி.யும் கிருமியின் பெயரைச் சொல்லாது. காசநோயும் பூஞ்சையும் சில நேரம் ஒன்றுபோலத் தோன்றும். காசநோய் மலிந்த நாட்டில் இது சின்னக் குழப்பமல்ல. பெயர் தெரிய ரத்தத்தில் கேலக்டோமன்னன் என்ற பூஞ்சைப் பொருளைத் தேடும் பரிசோதனை, நுரையீரலைக் கழுவி எடுக்கும் நீரின் பரிசோதனை எல்லாம் வேண்டும். நான்கு நாள் ஆன்டிபயாடிக் கொடுத்தும் காய்ச்சல் இறங்கவில்லையா? எக்ஸ்ரே சுத்தமாக இருந்தாலும் சி.டி. பற்றி மருத்துவரிடம் கேளுங்கள்.