ஏ.பி.ஐ. நன்னீர் மாஸ்டர் சோதனைப்பெட்டி: வெள்ளவத்தைத் தொட்டியொன்றில் பத்து மாதங்கள்

வெள்ளவத்தையில் மூன்றாம் மாடியிலுள்ள எங்கள் வீட்டு முன்னறையில் 90 லீற்றர் கொள்ளும் தாவரத் தொட்டியொன்று இருக்கிறது. இலங்கைக்கே உரிய கிரிப்டோகரைன் வெண்டியும் ஜாவா ஃபேர்ணும் அதில் வளர்கின்றன. களனி முதல் நில்வளா வரையான ஆறுகளின் மீனான செர்ரி பார்ப் பன்னிரண்டும் சிறு இறால்கள் சிலவும் உண்டு. ஒரு கட்டத்தில் ஃபேர்ண் இலைகளின் விளிம்பெல்லாம் கறுத்த தூரிகை மயிர் போன்ற பாசி படர்ந்தது. கண்ணாடியைத் துடைத்து நான்கு நாள் ஆவதற்குள் மீண்டும் பச்சைத் தூசு பூத்துவிடும். (அந்தக் கறுத்த பாசி உண்மையில் செம்பாசி இனத்தைச் சேர்ந்தது, ஒரு துண்டை வெட்டி மதுசாரத்தில் ஊறப்போட்டால் சிவந்து விடுவதைக் காணலாம்.)

முதலில் போன கடையில், "அண்ணை, இந்த மருந்தை விட்டால் ஒரு கிழமையில் பாசி எல்லாம் போயிடும்" என்று சொல்லி ஒரு போத்தலை எடுத்து நீட்டினார்கள். அதில் செப்புச் சேர்மம் இருப்பதைச் சிட்டையில் வாசித்த பிறகு வாங்காமல் திரும்பினேன். செப்பு பாசியைக் கொல்லும் அளவுக்கு வருமுன்பே இறால்களை முடித்துவிடக்கூடியது. தண்ணீரில் என்ன இருக்கிறது என்று யாருக்குமே தெரியாத நிலையில் மருந்து விடுவது எனக்குச் சரியாகப் படவில்லை. அதனால்தான் தண்ணீரில் உள்ளவற்றை அளந்து பார்க்கும், ஏ.பி.ஐ. என்ற மீன்தொட்டிப் பொருள் நிறுவனத்தின் இந்தப் பெட்டியை வாங்கினேன். எனக்கு ஏறத்தாழ 16,000 ரூபாய் ஆனது.

பெட்டிக்குள் துளித்துளியாக விடும் இரசாயனப் போத்தல்கள் ஏழு, 5 மில்லிலீற்றர் அளவுக் கோடிட்ட கண்ணாடிக் குழாய்கள், நிற அட்டை ஆகியவை இருக்கின்றன. பிஎச் (தண்ணீரின் அமில, கார நிலை) இரண்டு வீச்சுகளில், அமோனியா, நைத்திரைற்று, நைத்திரேற்று என ஐந்து சோதனைகளை இதில் செய்யலாம். மீன் கழிவிலிருந்து வரும் அமோனியாவைப் பற்றீரியா முதலில் நைத்திரைற்றாகவும் பிறகு நைத்திரேற்றாகவும் மாற்றும். தண்ணீரில் தோய்த்து எடுக்கும் பட்டிகளை விட இது நேரம் பிடிக்கும் வேலைதான். ஆனால் பட்டியில் மங்கலாகத் தெரியும் வேறுபாடு குழாயில் தெளிவாகத் தெரிகிறது.

இனி, நான் செய்த தவற்றைச் சொல்லிவிடுகிறேன், ஏனெனில் இந்தப் பெட்டியை வாங்குபவர்களில் பலர் செய்யும் தவறும் அதுவே. நைத்திரேற்றுச் சோதனையில் முதற் போத்தலிலிருந்து பத்துத் துளி குழாயில் விட்ட பின், இரண்டாம் போத்தலை 30 விநாடி பலமாகக் குலுக்கி அதிலிருந்து பத்துத் துளி விட்டு, குழாயை ஒரு நிமிடம் குலுக்கி, ஐந்து நிமிடம் காத்திருக்க வேண்டும். இரண்டாம் போத்தலின் அடியில் படிந்துவிடும் பொருள் கலக்காவிட்டால் வாசிப்பு உண்மையை விடக் குறைவாகவே வரும். நான் இரண்டு தரம் ஆட்டிவிட்டுத் துளிகளை விட்டேன். குழாய் மஞ்சளாகவே நின்றது. நைத்திரேற்று பூச்சியம், செடிகள் பட்டினி கிடக்கின்றன என்று முடிவுகட்டி மூன்று கிழமை உரம் விட்டேன். பாசி தழைத்தது. பிறகு அறிவுறுத்தலை ஒழுங்காக வாசித்து, கைவலிக்கக் குலுக்கிச் சோதித்தபோது குழாய் இரத்தச் சிவப்பாக மாறியது.

அந்தச் சிவப்பு 40 பிபிஎம்மா (பத்து இலட்சத்தில் 40 பங்கு) 80 பிபிஎம்மா என்பதை நிற அட்டையைப் பார்த்துச் சொல்வது கடினம், இப்பெட்டியின் பெரிய குறையும் இதுதான். இதற்கு ஒரு வழி உண்டு. தொட்டித் தண்ணீர் ஒரு பங்கும் காய்ச்சி வடித்த நீர் மூன்று பங்கும் கலந்து சோதித்து, வரும் எண்ணை நான்கால் பெருக்கினால், நிறம் பிரித்தறியக்கூடிய செம்மஞ்சள் பகுதிக்குள் விழுகிறது. எனக்கு 20 வந்தது, ஆக 80. மஞ்சள் விளக்கின் கீழ் எந்த வாசிப்பையும் நம்ப வேண்டாம். நான் குழாய்களை எடுத்துக்கொண்டு பல்கனிக்குப் போய்ப் பகல் வெளிச்சத்தில்தான் பார்க்கிறேன்.

குழாய்த் தண்ணீரையும் சோதித்தேன். நைத்திரேற்று ஏறத்தாழ இல்லை. கொழும்பின் தண்ணீரில் பெரும்பகுதி அம்பத்தலையில் சுத்திகரிக்கப்படும் களனி ஆற்று நீர், மென்மையானது, குளோரீன் இட்டு வருவது. ஆகவே குளோரீன் நீக்கியைச் சேர்த்து வாரம் இரு தரம் மூன்றில் ஒரு பங்கை மாற்றியதில் நைத்திரேற்று மெல்ல இறங்கி 20இல் வந்து நின்றது.

அமோனியாச் சோதனை தன் பெறுமதியை ஒரே நாளில் காட்டியது. மனைவி வீட்டில் இல்லாத ஒரு ஞாயிற்றுக்கிழமை வடிகட்டியின் பஞ்சைக் குழாய்க்கடியில் பிடித்துப் பளிச்சென்று கழுவிவிட்டேன். குளோரீன் பட்டு, அமோனியாவை மாற்றும் அந்த நன்மை தரும் பற்றீரியா மடிந்தது. இரண்டாம் நாள் அமோனியா வாசிப்பு 0.5 பிபிஎம். இந்தப் பெட்டி காட்டுவது மொத்த அமோனியா. அதில் மீனுக்கு நஞ்சாகும் பங்கு பிஎச்சையும் வெப்பநிலையையும் பொறுத்தது: 28 பாகை செல்சியசில் பிஎச் 7 என்றால் நூற்றில் ஒன்றுக்கும் குறைவு, பிஎச் 8 என்றால் நூற்றில் ஆறுக்கு மேல். என் தொட்டியின் பிஎச் 6.8 ஆக இருந்ததால் பதறாமல், தண்ணீரை மாற்றி, தீனியைக் குறைத்து, காற்றுக் கல்லை ஓடவிட்டேன். இரு சோதனைகளையும் சேர்த்தே வாசிக்க வேண்டும் என்பது அன்று விளங்கியது. இப்போது பஞ்சை மாற்றி எடுத்த தொட்டித் தண்ணீரில்தான் அலசுகிறேன்.

பெட்டி சொல்லாதவையும் இருக்கின்றன. பிஎச் 6.0க்குக் கீழே போனால் வெறும் மஞ்சளைத்தான் காட்டும். அமில மண் இட்ட தொட்டிகளுக்கு, அதுவும் நம்முடைய மென்னீரில், இது உண்மையான இடையூறு. பிஎச் சடுதியாக மாறாமல் தாங்கும் காபனேற்றுக் கடினத்தன்மைக்கும், பொசுபேற்றுக்கும் சோதனை இல்லை. தனியே வாங்க வேண்டும். எல்லாவற்றுக்கும் மேலாக, என் பாசியில் பாதிக்குக் காரணம் எந்தப் போத்தலுக்கும் அகப்படாதது. விளக்கு நாளொன்றுக்குப் பதினொரு மணி நேரம் எரிந்தது; போதாததற்குக் கடற்பக்க யன்னலால் பிற்பகல் வெயில் நேரே விழுந்தது. தடித்த திரையொன்றும், விளக்கை ஏழு மணி நேரத்துக்குக் கட்டுப்படுத்தும் டைமரும் செய்ததைச் சோதனைக் குழாய்கள் செய்யவில்லை. கறுத்த பாசி பிடித்த இலைகளை வெட்டித்தான் எறிய வேண்டியிருந்தது; புதிதாக வந்தவை சுத்தமாக இருக்கின்றன.

800க்கும் மேற்பட்ட சோதனைகள் என்று பெட்டியில் போட்டிருக்கிறது. அது எல்லாப் போத்தல்களையும் கூட்டிய கணக்கு. நண்பர்கள் இருவரின் தொட்டிகளையும் பார்த்துக் கொடுத்ததில் என் நைத்திரேற்றுப் போத்தல்கள் இரண்டும் தீரும் நிலைக்கு வந்துவிட்டன, மற்றவை பாதிக்கு மேல் இருக்கின்றன. நைத்திரேற்றை மட்டும் தனியாக வாங்கலாம் என்பதால், அடுத்த மாதம் அதைத்தான் வாங்குவேன்.