அழுத்தும் திரையா, தொட்டாலே போதும் திரையா?

தொடுதிரை என்றதும் கைபேசிதான் நினைவுக்கு வரும். ஆனால் இங்கிலாந்தின் மால்வெர்ன் ராடார் ஆய்வுக்கூடத்தில் வேலை பார்த்த இ. ஏ. ஜான்சன், விரலை உணரும் திரையைப் பற்றி 1965-லேயே எழுதிவிட்டார். அது தொட்டாலே போதும் என்கிற கெபாசிட்டிவ் வகை. அழுத்த வேண்டிய ரெசிஸ்டிவ் வகை 1970-களில் அமெரிக்காவில் இயற்பியலாளர் சாம் ஹர்ஸ்ட் குழுவிடமிருந்து வந்தது. பின்னால் பிறந்த தம்பிதான் கைக்கருவிகளில் முதலில் கொடி நாட்டினான்.

ரெசிஸ்டிவில் மின்சாரம் கடத்தும் பூச்சுள்ள இரண்டு படலங்கள். ஒன்றோடொன்று ஒட்டாமல் இருக்க, நடுவே பொடிப்பொடியான புள்ளிகள். அழுத்தினால் மேல்படலம் வளைந்து கீழ்ப்படலத்தைத் தொடும். அங்கே உள்ள வோல்டேஜை அளந்தால் இடம் தெரிந்துவிடும். விரலோ, கையுறையோ, பேனா மூடியோ, எது அழுத்தினாலும் சரி. 2004-ல் வந்த நின்டெண்டோ டிஎஸ் என்ற கையடக்க விளையாட்டுக் கருவியில் குச்சியால் விளையாடியது இந்த வகைத் திரையில்தான்.

கெபாசிட்டிவுக்கு அழுத்தமே வேண்டாம். விரல் பட்டதும் மின்புலம் லேசாக மாறும், அது போதும். மேலே கண்ணாடி என்பதால் கீறல் குறைவு, படமும் பளிச். அப்புறம், பல விரல்களைத் தனித்தனியாக அறியும். இரு விரலால் படத்தை விரிப்பதை 2007-ல் ஐபோன் ஊரறியச் செய்தது. சாதாரண ரெசிஸ்டிவ் திரையில் இரண்டு விரல் வைத்தால், நடுவில் எங்கோ ஒரு விரல் வைத்ததாக அது கணக்குப் போடும்! ஆனால் ஈரக்கை பட்டால் கெபாசிட்டிவ் தடுமாறும்.

கைபேசிக்குக் கெபாசிட்டிவ்தான், பேச்சே இல்லை. கையுறையைக் கழற்ற முடியாத தொழிற்கூடத்து எந்திரத்துக்கு இன்றும் ரெசிஸ்டிவைத்தான் சொல்வேன்.